எல்லாவற்றையும் காட்டும் படம் என்று ஒன்று இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில், பல் மருத்துவத்தில் பயன்படும் முப்பரிமாணப் படங்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கடினமான பொருளைப் பொதுவாசகருக்குப் புரியும்படி சொல்லியிருந்த விதம் பாராட்டுக்குரியது. ஆனால், அதில் இடம்பெற்றிருந்த 'இந்த ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் வாயில் உள்ள எல்லாக் கோளாறுகளும் தெரிந்துவிடும்' என்ற வாக்கியத்தைக் கடந்துபோக என்னால் இயலவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல் மருத்துவம் பார்த்துவருகிறேன். அந்தக் காலத்தின் பிற்பாதி முழுவதும், இந்தப் படங்களை எடுக்கும் கூம்புக்கற்றை சி.டி. கருவி எனக்குத் துணையாக இருந்துவருகிறது. அதன்மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. கருவியின் பேரில் சொல்லப்படும் வாக்குறுதியைப் பற்றியே எழுதுகிறேன்.

சாதாரண எக்ஸ்-ரே படம், நீளம், அகலம், ஆழம் மூன்றும் உடைய தாடையைத் தட்டையான ஒரு தளத்தில் நசுக்கித் தருகிறது. கன்னத்தை ஒட்டிய எலும்பும் நாக்கை ஒட்டிய எலும்பும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், ஒரு வேர் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதையோ, எலும்பு எந்தப் பக்கம் கரைந்திருக்கிறது என்பதையோ அந்த ஒரு படத்தைக் கொண்டு சொல்ல முடியாது. வேர்நுனியில் சீழ் கட்டிய இடத்தில், எலும்பின் கனிமத்தில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு வரை கரைந்த பிறகே படத்தில் கருநிழல் தெளிவாகத் தெரியும் என்று எங்கள் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. நோயாளிக்கு வலி இருக்க, படம் மட்டும் ஒன்றுமில்லை என்று சொல்லும் முரண் இதனால்தான் ஏற்படுகிறது.

கூம்புக்கற்றை சி.டி. கருவி இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. இத்தாலியின் வெரோனாவில் உருவான கருவியைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 1998-இல் வெளிவந்தது; ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானில் யோஷினோரி அராய் குழுவினர், தாடையின் சிறு பகுதியை மட்டும் படமெடுக்கும் கருவியைத் தனியே உருவாக்கிக்கொண்டிருந்தனர். மருத்துவமனைகளில் உள்ள வழக்கமான சி.டி. கருவி விசிறிபோல் விரியும் எக்ஸ்-ரே கற்றையைக் கொண்டு உடலைத் துண்டு துண்டாகப் படமெடுக்கிறது. இதிலோ கூம்பாக விரியும் கற்றை தலையை ஒருமுறை, சில கருவிகளில் அரைச்சுற்று மட்டும், சுற்றிவரும்போது சில நூறு படங்களைப் பதிவுசெய்கிறது. பெரும்பாலும் பத்து இருபது விநாடிகளில் சுற்று முடிந்துவிடும். அந்தப் படங்களிலிருந்து கணினி ஒரு கனவடிவத்தைக் கட்டியெழுப்புகிறது. அதன் ஒவ்வொரு துணுக்கும் எல்லாப் பக்கமும் சம அளவுள்ள கனசதுரம் என்பதால், எந்தக் கோணத்தில் வெட்டிப் பார்த்தாலும் அளவுகள் மாறுவதில்லை. துணுக்கின் பக்கம் பொதுவாக 0.1 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவானதிலிருந்து 0.4 மி.மீ. வரை இருக்கும். 0.4 மி.மீ. துணுக்கு ஒன்றுக்குள் 0.1 மி.மீ. துணுக்குகள் 64 அடங்கும் என்று கணக்கிட்டால் நுணுக்கத்தின் வேறுபாடு புரியும். ஆனால் துணுக்கைச் சிறிதாக்கினால் படத்தில் இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான மங்கல், கூடும். அதைக் குறைக்கப் பெரும்பாலும் கதிர்வீச்சைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் கருவி எங்கே தவிர்க்க முடியாதது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேர்களுக்கு அருகே, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓர் எலும்புக் கால்வாய்க்குள் செல்கிறது. ஓ.பி.ஜி. என்று நாங்கள் அழைக்கும் முழுத்தாடைப் படத்தில், வேரின்மேல் கருமையான பட்டை விழுந்திருந்தாலோ, கால்வாயின் வெள்ளைக்கோடு வேர் கடக்கும் இடத்தில் அறுந்திருந்தாலோ, கால்வாய் அங்கே திசைமாறியிருந்தாலோ இரண்டும் நெருங்கியிருக்கின்றன என்று ஐயப்படுகிறோம். நரம்பு வேரின் நாக்குப் பக்கம் ஓடுகிறதா, கன்னப் பக்கம் ஓடுகிறதா, இரு வேர்களுக்கும் இடையே புகுந்து செல்கிறதா என்ற கேள்விக்கு முப்பரிமாணப் படமே விடை தரும். அந்த விடையைப் பொறுத்து எலும்பை எந்தப் பக்கம் நீக்குவது, வேரை எப்படிப் பிளப்பது, அல்லது பல்லின் தலைப்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வேர்களை அப்படியே விட்டுவிடுவதா என்பது முடிவாகும். ஐரோப்பிய ஆணையம் 2012-இல் வெளியிட்ட கதிர்வீச்சுப் பாதுகாப்பு வழிகாட்டுதல், தட்டைப் படத்தில் இத்தகைய நெருக்கம் ஐயப்படப்பட்டு, பல்லை எடுப்பது என்ற முடிவும் ஆனபிறகே இந்தப் படத்தைக் கருதலாம் என்கிறது. ஞானப்பல் எடுக்க வரும் ஒவ்வொருவருக்கும் அது பரிந்துரைக்கப்படவில்லை. வேருக்கும் நரம்புக்கும் நடுவே தெளிந்த இடைவெளி தட்டைப் படத்திலேயே தெரியும்போது, முப்பரிமாணப் படம் மருத்துவருக்குப் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை.

செயற்கைப் பல்லுக்காக எலும்பில் திருகாணி பொருத்தும் இம்பிளான்ட் சிகிச்சையில் இதன் பயன் இன்னும் பெரிது. எலும்பின் உயரத்தை ஓ.பி.ஜி. ஓரளவு காட்டும், அகலத்தைக் காட்டாது. கீழ்த்தாடையின் பின்பகுதியில், நாக்குப் பக்கத்தில், உமிழ்நீர்ச் சுரப்பி படிந்திருக்கும் இடத்தில் எலும்பு உள்நோக்கிக் குழிந்திருப்பது உண்டு. உயரத்தை மட்டும் நம்பித் துளையிடும் கருவி அந்தக் குழியில் எலும்பைத் துளைத்து வெளியேறினால், அங்குள்ள இரத்தக்குழாய் அறுந்து, நாக்கின் அடித்தளம் வீங்கி மூச்சுப்பாதையையே அடைத்துவிடக்கூடும். அரிதான விபத்துதான், ஆனால் உயிருக்கு ஆபத்தானது. குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தவர் அந்தக் குழியை முன்னரே கண்டு, திருகாணியின் நீளத்தையும் சாய்வையும் மாற்றியிருப்பார். நரம்புக் கால்வாய்க்கு மேலே குறைந்தது 2 மி.மீ. விட்டுத் திட்டமிடும் வழக்கமும் அளவெடுக்கத்தக்க படம் கையில் இருந்தால்தான் பொருள்படும். இந்தக் கனவடிவத்தோடு, வாயின் மேற்பரப்பைப் பதிவுசெய்யும் ஒளி ஸ்கேனரின் வடிவத்தையும் கணினியில் பொருத்தி, திருகாணி இறங்க வேண்டிய கோணத்தை மருத்துவரின் கைக்குக் காட்டும் வழிகாட்டி அச்சையும் இப்போது அச்சிட்டுக்கொள்கிறோம்.

மேல்தாடைக்குள் புதைந்து நின்றுவிட்ட கோரைப்பல்லும் இவ்வகையானதே. அது அண்ணத்துப் பக்கம் இருக்கிறதா, உதட்டுப் பக்கம் இருக்கிறதா என்று அறிய இரு கோணங்களில் எடுத்த இரு சிறு எக்ஸ்-ரே படங்களே பெரும்பாலும் போதும். கிளார்க் என்பவர் 1910-இல் விளக்கிய முறை அது, இன்றும் பழுதில்லாதது. ஆனால் அந்தப் பல் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரைத் தின்றுகொண்டிருக்கிறதா, எவ்வளவு தின்றிருக்கிறது என்ற கேள்வி எழுந்துவிட்டால் முப்பரிமாணப் படம் வேண்டும். வேர் சிகிச்சைக்குப் பின்னும் வலி தீராத மேல் முதல் கடைவாய்ப்பல்லிலும் அப்படித்தான். அதன் ஒரு வேரில் இரண்டாவதாக ஒரு கால்வாய் இருப்பது பாதிக்கும் மேற்பட்ட பற்களில் காணப்படுவது, எளிதில் கண்ணுக்குத் தப்புவது. ஒரு பக்க மூக்கடைப்புக்கும் சீழ்நாற்றத்துக்கும் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டவருக்கு, உண்மையான காரணம் சைனஸ் குழியின் தரையில் முட்டி நிற்கும் ஒரு பல்வேர் என்று தெரியவருவதும் உண்டு.

இத்தனை சொன்ன பிறகு, 'எல்லாம் தெரிந்துவிடும்' என்பதில் பிழை என்ன என்று கேட்கலாம். மக்கள் பல் மருத்துவரிடம் வருவதற்கு முதன்மையான காரணம் சொத்தைப்பல். அதைக் காண இந்தப் படம் ஏற்றதன்று. இரு தாடைப் பற்களையும் ஒருசேரக் காட்டும் சிறிய கடி-எக்ஸ்-ரே படமே அதற்குத் தகுந்தது. உலோக உறை, அடைப்பு, திருகாணி ஆகியவை இருக்கும் இடங்களில் முப்பரிமாணப் படத்தில் கரும்பட்டைகளும் வெள்ளைக் கீற்றுகளும் விழுகின்றன. அந்தக் கரும்பட்டை சொத்தையைப்போலவே தோன்றும். வேர் சிகிச்சை செய்த பல்லில் அது வேர்முறிவைப்போலவும் தோன்றும். உண்மையான வேர்முறிவோ பல நேரங்களில் படத்துணுக்கைவிட மெல்லியதாக இருந்து கண்ணுக்குத் தப்பிவிடும். வேரின் ஓரமாக எலும்பு கரைந்திருக்கும் தடத்தைக் கொண்டுதான் அதை ஊகிக்கிறோம். படமெடுக்கும்போது நோயாளி சற்றே அசைந்தாலும் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் போன்ற மென்திசுக்கள் இதில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிவதில்லை. நரம்பைப் பார்க்கிறோம் என்று சொல்வதுகூடப் பேச்சுவழக்குத்தான். பார்ப்பது நரம்பு செல்லும் எலும்புக் கால்வாயின் சுவரை. பல்லின் உள்ளே இருக்கும் உயிர்த்திசு பட்டுப்போய்விட்டதா என்பதைக் குளிர்ச்சோதனை சொல்கிறது. விரிசல் விட்ட பல்லைக் கடிக்கச் சொல்லிப் பார்க்கும் சோதனை சொல்கிறது. ஈறு எவ்வளவு ஆழம் விலகியிருக்கிறது என்பதை அளவுக்கம்பி சொல்கிறது. வாய்ப் புற்றுநோயின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் கண்ணும் விரலும்தான். நாக்கின் ஓரத்தில் ஆறாத புண்ணோடு இருக்கும் ஒருவர், 'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்ற தாளை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக்கூடாது என்பதே என் முதல் அச்சம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். திரையில் சுழலும் வண்ண மண்டையோட்டுப் படம் நோயாளிகளைப் பெரிதும் கவர்கிறது. நோயறிவது அந்தப் படத்தைக் கொண்டு அன்று; சாம்பல் நிறத் துண்டுப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தே அறிகிறோம். வண்ணப்படத்தைக் கட்டும் மென்பொருள் ஓர் அடர்த்தி வரம்பை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் அழித்துவிடும். அதனால் பல்வேரின்மேல் உள்ள மெல்லிய எலும்புத் தகடு, உண்மையில் இருந்தும், படத்தில் ஓட்டையாகக் காட்சியளிக்கும். அந்த ஓட்டைகளைச் சுட்டிக்காட்டி 'எலும்பு கரைந்துவிட்டது' என்று சொல்லப்பட்டு, கலங்கிப்போய் என்னிடம் இரண்டாம் கருத்துக் கேட்டு வந்தவர்கள் உண்டு.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை, கட்டுரை அதை 'மிகக் குறைவு' என்ற இரு சொற்களில் முடித்துவிட்டது. உடலுக்கு வந்துசேரும் கதிர்வீச்சை மைக்ரோசீவெர்ட் என்ற அலகால் அளக்கிறோம். ஒரு சிறு பல் எக்ஸ்-ரே படத்தின் அளவு சில மைக்ரோசீவெர்ட், ஓ.பி.ஜி.-யின் அளவு பெரும்பாலும் பத்து முதல் முப்பதுக்குள். கூம்புக்கற்றை ஸ்கேன் என்று எடுத்துக்கொண்டாலோ, கருவி, அமைப்பு, படமெடுக்கும் பரப்பு ஆகியவற்றைப் பொறுத்துப் பத்து இருபது மைக்ரோசீவெர்ட்டில் தொடங்கிப் பல நூறு வரை போகிறது. இயற்கையாக நம் எல்லோருக்கும் ஆண்டொன்றுக்கு வந்துசேரும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் 2,400 மைக்ரோசீவெர்ட் என்பதோடு ஒப்பிட்டால் இது பீதி கொள்ளத்தக்கதன்று. பல் எக்ஸ்-ரேயின் தொடக்க கால முன்னோடியான எட்மண்ட் கெல்ஸ், கருவியின் முன்னே தம் கையையே வைத்துச் சோதித்துவந்ததில் விரல்களையும் பின்னர் கையையும் இழந்தார். அந்தக் காலத்தோடு இன்றைய நிலையை ஒப்பிடுவதும் நேர்மையாகாது. ஆனால் ஒரே கருவியில், ஒரே நோயாளிக்கு, இரு பற்களை மட்டும் படமெடுப்பதற்கும் முகம் முழுவதையும் படமெடுப்பதற்கும் இடையே பல மடங்கு வேறுபாடு உண்டு. 'குறைவு' என்ற சொல் அந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் கதிர்வீச்சுக் கணக்கில் தனியே சேர்க்க வேண்டும் என்று பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2007-இல் முடிவுசெய்த பிறகு, பல் படங்களின் கணக்கே மேல்நோக்கித் திருத்தப்பட்டது. குழந்தைகளின் கழுத்து குட்டையாக இருப்பதால் தைராய்டு சுரப்பி கற்றைக்கு அருகே வந்துவிடுகிறது. அவர்களின் திசுக்கள் வளர்நிலையில் இருப்பவை. விளைவு தோன்ற அவர்கள் முன்னே நீண்ட ஆயுளும் இருக்கிறது. பற்களைச் சீராக்கும் கம்பி சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல்நாளே முழுமுக ஸ்கேன் எடுத்துவிடும் பழக்கத்தை நான் ஏற்பதற்கில்லை.

காரீயக் கவசத்தைப் பற்றியும் வாசகர்களிடம் ஒரு தவறான நிம்மதி இருக்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், பல் எக்ஸ்-ரேக்கு மார்புக் கவசமும் கழுத்துப் பட்டையும் இனி வழக்கமாகத் தேவையில்லை என்று கூறியது. கற்றையைக் குறுக்குவதும், தேவையில்லாத படத்தைத் தவிர்ப்பதும் கவசத்தைவிடப் பெரிய பாதுகாப்பு என்பதும், கழுத்துப் பட்டை கற்றையின் வழியில் குறுக்கிட்டால் படமே கெட்டு மறுபடியும் எடுக்க நேரும் என்பதும் அதற்கான காரணங்கள். ஆகவே, கவசம் போட்டார்களா என்பதைவிட, எவ்வளவு பரப்பைப் படமெடுத்தார்கள், எந்தக் கேள்விக்காக எடுத்தார்கள் என்பதே நோயாளி கேட்க வேண்டியது.

பரப்பைக் குறுக்குவதற்குக் கதிர்வீச்சைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அதை என் தவற்றின் வழியாகவே கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், வலது கீழ் ஞானப்பல்லுக்காக ஒருவருக்கு இரு தாடைகளும் அடங்கும் ஸ்கேன் எடுத்தேன். நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்தேன், பல்லை எடுத்தேன், புண் நன்றாக ஆறியது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர் இடது மேல்தாடையில் வீக்கத்தோடு வந்தார். புதைந்த ஒரு பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வளர்ந்திருந்தது. பழைய கோப்பைத் திறந்து பார்த்தபோது, அன்றே அந்த இடத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு கருவட்டம் இருந்தது. படம் காட்டத்தான் செய்தது. பார்க்க வேண்டியவன் நான் பார்க்கவில்லை. அன்றே கண்டிருந்தால் சிறு அறுவையோடு முடிந்திருக்கும். பின்னர் அவர் இரண்டு நல்ல பற்களையும் சேர்த்து இழந்தார். அவரிடம் அதை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

படத்தில் அடங்கிய பரப்பு முழுவதையும் யாரேனும் ஒருவர் படித்தாக வேண்டும், படித்ததை எழுத்தில் தர வேண்டும் என்பதை அதன்பின் மாறாத விதியாக வைத்திருக்கிறேன். முகம் முழுவதையும் எடுத்தால் அதில் சைனஸ் குழிகள், தாடை மூட்டுகள், மூச்சுப்பாதை, கழுத்தெலும்பின் மேல்பகுதி, சிலருக்குக் கழுத்துத் தமனியில் படிந்த சுண்ணாம்பு ஆகியவையும் வந்துவிடும். அவற்றைப் படிக்கப் பயிற்சி இல்லாத பல் மருத்துவர், பயின்ற வாய்-முகக் கதிரியல் வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். நோயாளியின் கையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது, பளபளப்பான தாளில் அச்சிட்ட நான்கைந்து படங்கள் மட்டுமே. வேறொரு மருத்துவரிடம் போனால் அவற்றைக் கொண்டு எதையும் அளக்க முடியாது. எனவே இரண்டாம் முறையாக ஸ்கேன் எடுக்கப்படுகிறது. மருத்துவப் படங்களுக்கென்று உலகெங்கும் வழங்கும் டைகாம் என்ற பொது வடிவத்தில் முழுக் கோப்பையும், கூடவே எழுத்தறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை என்று நான் கருதுகிறேன். அதைத் தரத் தயங்கும் இடத்தில் படமெடுக்கும் முன்பே சற்று யோசிப்பது நல்லது.

தங்கள் கட்டுரையில் மற்றவை அப்படியே இருக்கலாம். மேலே குறித்த அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கி, 'மருத்துவர் வாயை நேரில் பரிசோதித்து, தட்டைப் படத்தால் தீராத கேள்வி ஒன்று மீதமிருந்தால், அந்தக் கேள்விக்குத் தேவையான பரப்புக்கு மட்டும் இந்த ஸ்கேன் எடுக்கப்படும். முழுப் படத்துக்கும் எழுத்தறிக்கை கேட்டுப் பெறுக' என்ற திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகரான ஒரு பல் மருத்துவர்